பத்மா அன்ரியின் கட்டைக் குரல்

தம்பி,

உன் கல்யாணத்துக்கு நான் வருவேன். சேலையும் எடுத்தாயிற்று. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்; இல்லாவிட்டால் அந்த ஒரு வரியைத் தேடிக்கொண்டு மிச்சம் எல்லாவற்றையும் அவசரமாகத் தாண்டிப் போய்விடுவாய். நீ கட்டப்போகிற ஆரணி மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னைக் குமட்ட வைப்பது வேறு விஷயம். அதை நேரில் சொல்லப் பார்த்தேன். "விடுங்கோ அம்மா, அது முடிஞ்ச கதை" என்று சொல்லிவிட்டு நீ ஹெட்போனை மாட்டிக்கொண்டாய். கடிதம் படிக்கிறவன் காதைப் பொத்திக்கொண்டு பயனில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முடிந்த கதை என்கிறாய். முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ கேட்கவும் இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே தொடங்குகிறேன். நீயும் நானும் ஒரே அறையில்தான் இருந்தோம், என்றாலும் நான் பார்த்ததை நீ பார்த்திருந்தால் அன்று இரவு உன்னால் அவ்வளவு நன்றாகச் சாப்பிட்டிருக்க முடியாது.

உன் வருங்கால மாமனார் மகேந்திரன் லண்டன் ஹரோவில் உள்ள தன் வீட்டின் பின்பக்கத்தை நீட்டிக் கட்டி, அதைப் பாட்டுக் கேட்கிற அறையாக வைத்திருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் அவருடைய சிநேகிதர்கள் அங்கே கூடுவார்கள். சம்பந்தம் பேசி முடித்ததும் உன் அப்பாவையும் சேர்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு என்னையும் வரச் சொன்னார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்ற வைத்து, போட்டுக்கொள்ள ஒரு வெல்வெட் செருப்பு தந்தார்கள். முன்பு யாரோ போட்டிருந்த ஈரம் அதற்குள் இன்னும் இருந்தது. உள்ளே ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்கள். அவற்றுக்குப் போகிற வயர்கள் தரையில் படக்கூடாதாம். சின்னச் சின்ன மரக்கட்டைகள் மேல், நோயாளியைக் கிடத்துவது போலக் கிடத்தியிருந்தார். மேசையில் ஒரு மடிக்கணினி. அதன் பக்கத்தில் கணினி அனுப்புகிற எண்களை ஒலியாக மாற்றித் தருகிற கறுப்புப் பெட்டி, அதன் முகத்தில் சிவப்பு வெளிச்சத்தில் 48 என்ற எண். சுவரோரம் ரோல்ஸும் கட்லட்டும். எண்ணெய் மணமும் புதுக் கம்பள மணமும் கலந்து அந்த அறைக்குள் நின்றன. சத்தம் கெட்டுவிடுமென்று ஜன்னலைத் திறக்க விடமாட்டார்.

"அக்கா, நீங்கள் போனில கேக்கிறது பாட்டு இல்லை. அது பாட்டின்ர எலும்பு" என்றார் மகேந்திரன். "நாங்கள் ஸ்ட்ரீம் பண்ணுறது ஹைரெஸ், உச்சத் தரம். சதையும் ரத்தமுமா வரும்."

நான் கையிலிருந்த மட்டன் ரோல்ஸைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

பாட்டுத் தொடங்கியதும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவர் விரலை உயர்த்தி, "கேட்டீங்களோ, கம்பியில நகம் பட்டது?" என்பார். மற்றவர்கள் "ஓமோம்" என்பார்கள். முதலாமவர் கேட்டிருக்காவிட்டால் மற்றவர்களும் கேட்டிருக்கமாட்டார்கள். நம் வீட்டுக் குளியலறைக் குழாய் ஒரு மாதம் ஒழுகினாலும் காதில் விழாத உன் அப்பா, அங்கே கம்பியில் நகம் பட்டதைக் கேட்டார். நீ மூலையில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தாய். கணினி விளையாட்டுகளுக்கு ஒலி மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நீ. அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறதென்று அறிந்த ஒரே ஆள் அந்த அறையில் நீதான். அதுவரை எனக்கு உன்மேல் கோபம் இல்லை. மாமனார் வீட்டில் மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டு கட்லட் சாப்பிடுவது குற்றமில்லை.

பிறகு பத்மாவின் கணவர் தேவராசா அண்ணை வந்தார். தெற்கு லண்டன் தோர்ண்டன் ஹீத்திலிருந்து அவ்வளவு தூரம். "பத்மாவின்ர பாட்டை எடுத்துக்கொண்டு வாங்கோ அண்ணை, நல்ல செற்றில ஒருக்காக் கேப்பம்" என்று உன் அப்பாதான் கூப்பிட்டிருந்தார். அந்த ஒன்றை மட்டும் அவர் நல்ல மனதோடு செய்தார் என்று நம்புகிறேன். அண்ணை கோட்டின் உள்பையிலிருந்து யுஎஸ்பியை எடுத்த விதம் உனக்கு நினைவிருக்கிறதா? கைக்குட்டையில் சுற்றியிருந்தார். பத்மா இறந்த பிறகு அந்தப் பாட்டை அவர் ஒருமுறையும் போட்டுக் கேட்டதில்லை. தனியே கேட்கப் பயம். அதனால்தான் ஆட்கள் இருக்கிற இடத்துக்குக் கொண்டுவந்தார்.

பத்மா யாரென்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது சொல்லத் தேவை இருக்கிறது. லண்டனுக்கு வந்த புதிதில் நானும் அவளும் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற தொழிற்சாலையில் ஒன்றாக நின்றோம். குளிரூட்டிய அறை. தலையில் வலை, கையில் உறை. பாணும் வெண்ணெயும் கோழித்துண்டும் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். அவள் பாடுவாள். அவளுடையது கட்டைக் குரல். ஆழமாக, கொஞ்சம் கரகரப்பாக, அவசரமில்லாமல் வரும். நானும் கூடச் சேர்ந்து முனகுவேன். எனக்கு மேல் சுருதி எட்டாது. அவளோடு பாடினால் எட்ட வேண்டியதில்லை. அந்தக் குளிருக்குள் எனக்குக் கிடைத்த சூடு அது ஒன்றுதான்.

தமிழ்ச் சங்க ஆண்டு விழாவுக்காக அவள் தானே மெட்டமைத்து ஒரு பாட்டுப் பழகினாள். ஒத்திகையில் கேட்ட விழாக் குழுவினர், "அக்கா, மைக்குக்கு ஒரு மெல்லிய குரல்தான் எடுபடும். நீங்கள் பின்னுக்குக் கோரசில நில்லுங்கோ" என்றார்கள். அவள் கோரசில் நிற்கவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தக் குழுவில் மகேந்திரனும் இருந்தார். அவருக்கு அது நினைவிருக்காது. பிறகு, சின்னதாக ஒரு தமிழ் வானொலி நடத்திய பெண் அவளைக் கூப்பிட்டு, அந்தப் பாட்டைப் பாடவைத்துப் பதிவுசெய்து ஒரு குறுந்தட்டில் போட்டுக் கொடுத்தாள். அதிலிருந்துதான் அந்த யுஎஸ்பி. பத்மாவின் குரல் இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை.

நீயும் அந்தக் குரலில்தான் வளர்ந்தாய். நீ பிறந்த பிறகு அவளுக்குக் காலை ஷிப்ட், எனக்குப் பின்னேர ஷிப்ட் என்று மாறியது. அப்போது அவர்கள் வெம்பிளியில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தால் உன்னைக் கூட்டிவந்து, சோறு தீத்தி, நான் வரும்வரை மடியில் வைத்திருப்பவள் அவள்தான். பாடினால்தான் நீ வாயைத் திறப்பாய். ஒருநாள் அவள் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு, "அன்ரீக்குள்ள லொறி ஓடுது அம்மா" என்றாய். அவள் சிரித்த சிரிப்பில் உன் தலை குலுங்கியது. பிள்ளை இல்லாத அவளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டை யாரும் கொடுத்ததில்லை.

இனி அந்த அறைக்கு வா. "வெளிப் பாட்டு ஒண்டும் இதில விடுறதில்லை, உங்களுக்காக விடுறன்" என்று சொல்லி மகேந்திரன் யுஎஸ்பியைச் செருகினார். பொத்தானை அழுத்தினார். ஒரு சின்னப் பெட்டையின் குரல் வந்தது. மெல்லிசாக, இனிப்பாக, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் போல அவசரமாக. வேறு யாருடைய பாட்டோ மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் மெட்டு அவளுடையது, சொற்கள் அவளுடையவை. மெதுவாக முனகிப் பார்த்தேன். எனக்கு எட்டவில்லை. பத்மாவோடு எனக்கு எட்டாத பாட்டென்று ஒன்று இருந்ததே இல்லை.

"ஆகா" என்றார் ஒருவர், கண்ணைத் திறக்காமலே. "என்ன இனிமை" என்றார் இன்னொருவர். "உயிர் இருக்கு" என்றார் உன் அப்பா. மகேந்திரன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "இப்பிடி ஒரு மெல்லிய குரல் வளத்தை எங்கட சங்கம் அறியாமப் போட்டுதே அண்ணை" என்றார். உயிரோடு இருந்தபோது அவளைப் பின்னுக்கு நிற்கச் சொன்ன வாய், அவள் போன பிறகு அவளுடையதே அல்லாத குரலைப் புகழ்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் கட்லட் தூள் வேறு.

தேவராசா அண்ணை இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி முன்னுக்குக் குனிந்து, ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரு முனையில் வருகிற ஆள் தெரிந்தவரா இல்லையா என்று பார்க்கிற முகம்.

"இது... இது பத்மா இல்லையே" என்றார்.

"இதுதான் அண்ணை உண்மையான பத்மா அக்கா. நீங்கள் இவ்வளவு காலமும் ஓட்டைப் பிளேயரில கேட்டனீங்கள்" என்று மகேந்திரன் சிரித்தார்.

"இல்லைத் தம்பி. அவவின்ர குரல் இப்பிடி இல்லை. கனமான குரல்."

"ஞாபகம் அப்பிடித்தான் அண்ணை. ஆள் போனால் முதல்ல மறக்கிறது குரல்தான். மெஷின் மறக்காது."

எவ்வளவு கனிவாகச் சொன்னார், பார்த்தாயா. கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மற்றவர்கள் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள். என்னால் அதற்குமேல் இருக்க முடியவில்லை. "நான் அவளோட நிண்டு வேலை செய்தனான். இது அவளின்ர குரல் இல்லை. எங்கையோ பிழை கிடக்கு" என்றேன்.

"அக்கா, இது டிஜிட்டல். இதில பிழை வராது" என்றவர், உன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர்தானே இந்த லைன். நீரே சொல்லும். ஏதும் பிழை இருக்கோ?"

நீ அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் எனக்குத் தெரியும். ஒருமுறை பார்த்தாய், பிறகு கணினித் திரையைப் பார்த்தாய், பிறகு உன் மாமனாரைப் பார்த்தாய். தேவராசா அண்ணையை மட்டும் பார்க்கவில்லை.

"எல்லாம் ஓகே மாதிரித்தான் இருக்கு மாமா" என்றாய்.

அந்த "மாதிரி" எதற்கு? பிறகு யாராவது கேட்டால் அதன் வழியாகத் தப்பி ஓடுவதற்குத்தானே? முழுப் பொய் சொல்லியிருந்தாலும் இவ்வளவு அருவருத்திருக்கமாட்டேன். பொய்யிலும் தப்ப ஒரு பின்கதவு வைத்துச் சொன்னாய்.

தேவராசா அண்ணை முழங்காலில் ஊன்றியிருந்த கைகளை எடுத்துப் பின்னுக்குச் சாய்ந்தார். பிறகு, "அப்ப எனக்குத்தான் மறந்துபோச்சுது போல" என்றார். கூடியிருந்தவர்களிடம் மன்னிப்பும் கேட்டார், பாட்டைக் குழப்பிவிட்டாராம். அவருக்கு ஒரு கட்லட் கொடுத்தார்கள். மகேந்திரன் தன்னுடைய பழைய கறுப்புப் பெட்டியொன்றையும் ஸ்பீக்கர் இரண்டையும் அவருக்கே தருவதாகவும், ஆளை அனுப்பி வீட்டிலேயே பூட்டிப் பொருத்தித் தருவதாகவும் சொன்னார். எல்லோரும் அவருடைய பெரிய மனதைப் புகழ்ந்தார்கள். அண்ணை அந்த யுஎஸ்பியைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றவில்லை. சும்மா கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது நோர்த் சர்க்குலர் ரோட்டில் வாகனங்கள் நகரவில்லை. உன் அப்பா கார் ஓட்டினார், நீ பின்னால் இருந்தாய். அங்கே என்ன நடந்தது என்று கேட்டேன். நீ வெகு சாதாரணமாக விளங்கப்படுத்தினாய். ஒலியைப் பதியும்போது ஒரு விநாடியை நாற்பத்து நாலாயிரத்து நூறு துண்டாக வெட்டி வைப்பார்கள்; குறுந்தட்டுக்கு அதுதான் கணக்கு. மகேந்திரன் அதற்குமுன் ஸ்ட்ரீம் பண்ணிய பாட்டோ விநாடிக்கு நாற்பத்தெட்டாயிரம் துண்டு. பாட்டு மாறும்போது பெட்டியும் தன் கணக்கை மாற்றவேண்டும். அவருடைய பெட்டி மாறாமல் நாற்பத்தெட்டிலேயே நின்றுவிட்டது. கணினி இடையில் புகுந்து சரிசெய்யக்கூடாது, பாட்டு அப்படியே சுத்தமாகப் போகவேண்டும் என்று அவர் வேறு அமைத்து வைத்திருக்கிறார். ஆகவே பெட்டி பத்மாவை வேகவேகமாக விழுங்கித் துப்பியது. பாட்டு ஓடியது, குரல் மேலே ஏறியது.

"உனக்கு எப்ப தெரிஞ்சது?" என்றேன்.

"முதல் வரியிலேயே. அன்ரீன்ர குரல் எனக்குத் தெரியாதே அம்மா?"

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

"அத்தனை ஆக்களுக்கு முன்னால அவரின்ர செற் பிழை எண்டு சொல்லச் சொல்லுறீங்களோ? கல்யாணம் வருது. சும்மா ஒரு செற்றிங்தானே அம்மா."

நான் உன் அப்பாவைப் பார்த்தேன். "எல்லாரும் சொன்னாங்கள், நானும் சொன்னன். இதில என்ன?" என்றார் அவர், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல்.

உனக்குத் தெரியாமல் போயிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன். காது மந்தமென்று விட்டிருப்பேன். உன் காது அப்படிப்பட்டதில்லை. பள்ளிக்கூட நத்தார் கரோல் விழாவில் பியானோவின் ஒரு கட்டை சுருதி விலகி ஒலிக்கிறதென்று, பாடமாட்டேன் என்று மேடையில் காதைப் பொத்திக்கொண்டு நின்ற பிள்ளை நீ. அந்தக் காது அப்படியே இருக்கிறது. இல்லாமல் போனது வேறொன்று. ஒரு செற்றிங்தான், சரி. அந்தச் செற்றிங்குக்கு மறுபக்கத்தில் ஒரு மனிதன் இருந்தான். தன் மனைவியின் குரல் தனக்கு மறந்துபோய்விட்டது என்று அவன் ஏற்றுக்கொண்டபோது, நீ கையைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

கல்யாணம் வருகிறது என்றாய். அதற்கும் ஒன்று சொல்கிறேன். இரண்டு நாள் கழித்து ஆரணி எனக்குப் போன் எடுத்தாள். "அன்ரி, அது உண்மையா அந்த அன்ரீன்ர குரல் இல்லையா? நீங்கள் சும்மா சொல்லுற ஆள் இல்லையே" என்று கேட்டாள். இல்லை என்றேன். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பாவைத் திருத்தினால் ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைச்சிருப்பார் அன்ரி. பிறகு கதைப்பார்" என்றாள். இரண்டு நாள். உன்னுடைய கல்யாணம் கெட்டுப்போகும் என்ற பயத்தின் முழு விலை அவ்வளவுதான். அவளிடம் ஒருநாளும் "ஓகே மாதிரி" என்று சொல்லாதே. பெண்பிள்ளைகளுக்கு அந்த "மாதிரி" சீக்கிரமே விளங்கிவிடும். விளங்கியும் விளங்காதது போலப் பல வருடம் சமைத்துப் போடுவார்கள். அது எப்படிப்பட்ட வீடாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் மகேந்திரனுக்கே போன் எடுத்தேன். நீ காரில் விளங்கப்படுத்தியதை, உன் பெயரைச் சொல்லாமல், அப்படியே சொன்னேன். வாதாடுவார் என்று நினைத்தேன். வாதாடவில்லை.

"ஓ... சில வேளை பெட்டி அப்பிடி லொக் ஆகி நிக்கிறதுதான்" என்றார்.

"அப்ப அண்ணைக்கு ஒருக்கா எடுத்துச் சொல்லிவிடுங்கோ."

"இப்ப போய்ச் சொன்னால் அந்தாள் இன்னும் குழம்பும் அக்கா. நல்ல ஞாபகமா இருக்கட்டும், விடுங்கோ." பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு ஒரு இரகசியம் சொல்வது போல, "உண்மையைச் சொன்னால், அந்த வேகத்தில கேக்கத்தான் நல்லா இருந்தது" என்றார்.

நான் போனை வைத்துவிட்டுப் போய்க் கையைக் கழுவினேன். சிரிக்காதே. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

அடுத்த நாள் கிளாப்ஹம் ஜங்ஷனில் ரயில் மாறி தோர்ண்டன் ஹீத்துக்குப் போனேன். தேவராசா அண்ணை கதவைத் திறந்தபோது உள்ளே அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மெல்லிய குரல். ஓடுகிற குரல். மகேந்திரனின் ஆள் வந்து பழைய கறுப்புப் பெட்டியை அண்ணையின் கணினியோடு பூட்டி, அங்கே போலவே இங்கேயும் அமைத்துவிட்டுப் போயிருந்தான். அதுவும் நாற்பத்தெட்டில் நின்றது. அண்ணை மெலிந்து போயிருந்தார். வாயில் போட்ட மீன் பழுது என்று தெரிந்தும், விருந்து வீட்டில் துப்ப முடியாமல் விழுங்குகிற ஒருவரின் முகம் அவருக்கு.

"ஒவ்வொரு நாளும் போட்டுக் கேக்கிறன் தங்கச்சி. பழகிக்கொண்டு வாறன்" என்றார். "இப்பிடித்தான் பாடினவ போல. நான்தான் வேற மாதிரி நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன்." பிறகு சொன்னார்: "இப்ப கனவில வந்தாலும் இந்தக் குரலிலதான் கதைக்கிறா."

தம்பி, இந்த வரியை இன்னொரு முறை படி. நான் அதை எழுதும்போது பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய் வந்தேன். நீங்கள் எல்லோரும் சேர்ந்து அந்த மனிதனின் கனவுக்குள்ளும் போய் அவளை மாற்றிவிட்டீர்கள்.

நான் கணினிக்குப் பயந்தவள் இல்லை. கவுன்சில் அலுவலகத்தில் பல வருடம் அதோடு மல்லுக்கட்டியவள். கணினிக்கு முன்னால் இருந்த அண்ணையை எழும்பச் சொல்லிவிட்டு நான் அந்தக் கதிரையில் இருந்தேன். ஒலி அமைப்புகளைத் தேடித் திறந்தேன். நீ சொன்ன அந்த எண் அங்கே இருந்தது. அதை அழுத்தினால் ஒரு வரிசை விரிந்தது. நாற்பத்து நாலாயிரத்து நூறைத் தெரிவுசெய்தேன். பெட்டியில் சிவப்பு எண் மாறியது. பாட்டைத் தொடக்கத்திலிருந்து விட்டேன்.

அவள் வந்தாள். கனமாக, ஆறுதலாக, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூச்சை நிதானமாக இழுத்துக்கொண்டு. நான் கூட முனகினேன், எட்டியது. அண்ணை, "நிப்பாட்டும், நிப்பாட்டும்" என்றார். நான் கையைக் கொண்டுபோக, "இல்லை, விடும்" என்றார். நின்றபடியே கேட்டார். முடிந்ததும் இன்னொருமுறை விடச் சொன்னார். அப்போதுதான் உட்கார்ந்தார். அழவில்லை. அறைக்குள் யாரோ வந்திருப்பது போலச் சேர்ட்டுக் கொலரை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"அப்ப நான் மறக்கேல்ல" என்றார்.

"இல்லை அண்ணை. நீங்கள் மறக்கேல்ல. பெட்டிதான் பிழை."

"அண்டைக்கு எல்லாருமாச் சேந்து..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். அவர் யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. வேறொன்றைக் கேட்டார். "அண்டைக்கு உங்கட பொடியனும் இருந்தவன் எல்லே. அவனைக் கேட்டவைதானே. அவனுக்கு இது தெரியாதோ?"

ரயிலில் வரும்போது முழுக்க நான் உன்னைத் திட்டிக்கொண்டு வந்தவள். மகேந்திரனை, உன் அப்பாவை, கண்ணை மூடிக்கொண்டு விரலை உயர்த்தியவர்களை எல்லாம் மனதுக்குள் நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டு வந்தவள். கேள்வி என்னிடம் வந்ததும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"தெரியாது அண்ணை" என்றேன். "அவனுக்கு அண்டைக்கு விளங்கேல்ல."

ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. நீ "மாதிரி" என்றாவது சொன்னாய். நான் அதுகூட இல்லாமல் சொன்னேன். அந்த அறையில் இருந்த எல்லோரையும்விட என் வாய் எனக்கு நாறியது.

அவர் உடனே நம்பினார். "அதுதானே" என்றார், முகம் தெளிந்து. "தெரிஞ்சிருந்தால் பொடியன் சொல்லியிருப்பான். இவவின்ர கையால சாப்பிட்டு வளந்தவன்." பெட்டியை ஒருமுறை நிறுத்திப் போட்டால் அது மறுபடி நாற்பத்தெட்டுக்கே போய்விடுகிறது, நான் மூன்று நான்கு முறை முயன்றும் அதை நிலையாக நிறுத்தத் தெரியவில்லை. "பறவாயில்லை, தம்பியை ஒருக்கா வரச் சொல்லுங்கோ. கல்யாணத்துக்கு முந்தி ஒருநாள். அவனெண்டால் இதை இப்பிடியே நிக்கப் பண்ணித் தருவான்" என்றார். சனிக்கிழமை பின்னேரம் வருவாய் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன்.

நான் சொன்ன பொய்யை நானே திரும்பிப் போய் எடுத்திருக்கலாம். அடுத்த நாளே ரயிலேறியிருக்கலாம். போகவில்லை. நான் போய்ச் சொன்னால் அது என் மனப்பாரத்தை இறக்கிவைக்கிற வேலையாக முடிந்துவிடும். உன்னைப் பற்றி அவர் அறியவேண்டியதை என் வாயால் அறிவார், நீ மறுபடியும் மூலையில் இருந்துகொள்வாய். அது எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆகவே நீ போவாய். பெட்டியைச் சரிசெய்ய உனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அது முடிந்ததும் போனைப் பார்த்துக்கொண்டு எழும்பி வந்துவிடாதே. பிளேன்ரீ போட்டுத் தருவார், சீனி கூடுதலாகத்தான் இருக்கும். அதை வாங்கி மேசையில் வை. அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் வரியிலேயே உனக்குத் தெரிந்தது என்பதை அவருக்குச் சொல். அம்மா சொன்னதும் பொய் என்று சொல். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும், ஒன்றுமே சொல்லாமல் இருந்தாலும், அவர் உன்னைப் போகச் சொல்லும்வரை அங்கேயே இரு.

அம்மா